பொன்னாரமும் கண்ணாடி வளையலும்



எளிய வாழ்க்கை என்றதும் நம்மில் பலருக்கு ஒரு புகைப்படம் நினைவுக்கு வரும். வட்டக் கண்ணாடி, தேய்ந்த செருப்பு, இடுப்பில் தொங்கவிடும் கடிகாரம், உணவுக் கிண்ணம், மூன்று குரங்குகள் கொண்ட சிறிய பொம்மை. 1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் திகதி மகாத்மா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருடையவை என்று சொல்லக்கூடியதாக எஞ்சியிருந்த பொருள்கள் இவைதாம் என்று பள்ளிப் பருவத்திலேயே நாம் படித்திருக்கிறோம். படித்து வியந்திருக்கிறோம். வியந்துவிட்டு நமது அலுமாரிகளை மீண்டும் பூட்டிக்கொண்டும் இருக்கிறோம்.

இன்று உலகெங்கும் வேண்டாத பொருள்களை வீட்டிலிருந்து அகற்றுவது எப்படி, குறைவாக வாங்கி நிறைவாக வாழ்வது எப்படி என்று நூல்கள் வெளிவருகின்றன. அந்த நூல்களையும் நாம் வாங்கித்தான் படிக்க வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை. ஆனால் ஒரு வீட்டில் பொருள் குறைய வேண்டுமானால் முதலில் அங்கே பொருள் சேர்ந்திருக்க வேண்டும். சேர்த்தவர் யார்? குறைக்கத் தீர்மானித்தவர் யார்? குறைத்தபோது யாருடைய பொருள் போயிற்று? இந்தக் கேள்விகளை மனத்திற்கொண்டு, ஒரு வீட்டின் வரலாற்றை இன்று உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன். அது காந்தியடிகளின் வீடு. ஆனால் நான் கண்ணோட்டம் விடப்போவது அவ்வீட்டின் தலைவியாகிய கஸ்தூரிபா அம்மையாரின் பக்கத்திலிருந்து.

இதற்கு ஆதாரம் தேடி வெளியே அலைய வேண்டியதில்லை. 1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' வாரப் பத்திரிகையில் குஜராத்தி மொழியில் வெளிவந்த 'சத்திய சோதனை'யிலும், எரவாடா சிறையில் அவர் எழுதத் தொடங்கிய 'தென்னாபிரிக்காவில் சத்தியாக்கிரகம்' என்னும் நூலிலும் பெரும்பகுதி கிடைக்கிறது. தமக்குச் சாதகமில்லாத சாட்சியத்தையும் தாமே பதிந்து வைத்த மனிதர் அவர். அதனாலேயே அவரோடு நாம் வாதாடவும் முடிகிறது.

கதை 1888ஆம் ஆண்டில் தொடங்குகிறது. சட்டம் பயில இங்கிலாந்து செல்ல வேண்டும், கையில் பணமில்லை. பதினெட்டு வயது மோகன்தாசுக்கு ஒரு யோசனை தோன்றிற்று. மனைவியின் நகைகளை விற்றால் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபா தேறும். இந்த யோசனையைத் தமையனாரிடம் சொன்னதாக அவரே எழுதுகிறார். தமையனார் எப்படியாவது பணம் தேடித் தருவதாகப் பொறுப்பேற்றுக் கொண்டார். நகைக்குச் சொந்தக்காரியின் அபிப்பிராயம் கேட்கப்பட்டதாக அவ்விடத்தில் ஒரு சொல்லும் இல்லை. அக்காலத்துக் குடும்பங்களில் அது கேட்கப்படும் வழக்கமும் இல்லை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பெண்ணோடு வந்த நகை எத்தனை வீடுகளில் கடைக்கு முதலாகவும் காணிக்கு விலையாகவும் மாறியது என்பதை நினைத்துப் பார்த்தால், போர்பந்தரை மட்டும் குறைசொல்ல நமக்கு மனம் வராது.

லண்டனில் இறங்கிய இளைஞர் முதலில் செய்த காரியம் பொருள் வாங்கியதுதான். பம்பாயில் தைத்த உடைகள் ஆங்கிலச் சமூகத்துக்கு ஒவ்வாதவை என்று தோன்றவே புதிய உடைகள் வந்தன. 19 ஷிலிங்குக்கு ஓர் உயரமான தொப்பி. பொண்ட் வீதியில் 10 பவுணுக்கு மாலைநேர உடை. தமையனாருக்கு எழுதி வரவழைத்த இரட்டை வடத் தங்கக் கடிகாரச் சங்கிலி. நடனம் பயில 3 பவுண், வயலின் வாங்க 3 பவுண், பேச்சுக்கலை ஆசிரியருக்கு முதற் கட்டணம் ஒரு கினி. இந்த மயக்கம் ஏறக்குறைய மூன்று மாதம் நீடித்ததாக அவர் எழுதுகிறார். உடையில் மட்டும் அந்தக் கவனம் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

அதன் பிறகுதான் கணக்குப் புத்தகம் வந்தது. செலவிட்ட ஒவ்வொரு சல்லியையும் இரவில் படுக்கைக்குப் போகுமுன் எழுதி இருப்புச் சரிபார்க்கும் பழக்கம் அது. வாடகை வண்டியை விட்டு நாளுக்கு எட்டுப் பத்து மைல் நடந்தார். இரண்டு அறைகளை விட்டு ஓர் அறைக்கு வந்தார். அடுப்பு ஒன்று வாங்கி, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கொக்கோவும் தாமே தயாரித்துக் கொண்டார். நாளொன்றுக்கு 1 ஷிலிங் 3 பென்சில் வயிறு நிறைந்தது. இந்தக் காலத்தை அவர் மகிழ்ச்சியோடு நினைவுகூர்கிறார். வாழ்க்கை எளிதானபோது உள்ளும் புறமும் ஒத்திசைந்தன என்பது அவரது அனுபவம். சேர்த்தவரும் அவரே, குறைத்தவரும் அவரே, குறைந்ததும் அவருடைய பொருளே. ஆகையால் அந்தக் கணக்கில் யாருக்கும் பாக்கியில்லை.

குடும்பம் சேர்ந்த பிறகு கணக்கு அவ்வளவு நேராக இருக்கவில்லை.

1897 ஜனவரியில் காந்தியடிகள் மனைவி மக்களோடு டர்பன் துறைமுகத்தில் இறங்கினார். வழக்கறிஞர் வீட்டார் நாகரிகமாகத் தோன்ற வேண்டும் என்பது அவரது அப்போதைய எண்ணம். இந்தியர்களுள் பார்சிகளே அதிக நாகரிகமுள்ளவர்களாக மதிக்கப்பட்டமையால், கஸ்தூரிபாவுக்குப் பார்சி முறைச் சேலை. பிள்ளைகளுக்குப் பார்சி மேற்சட்டையும் காற்சட்டையும். எல்லாருக்கும் காலுறையும் சப்பாத்தும். பழக்கமில்லாத கால்கள் சப்பாத்துக்குள் நெரிந்தன, விரல்கள் புண்ணாயின, காலுறைகள் வியர்வையில் நாறின. உணவு மேசையில் முள்ளும் கத்தியும் பிடிக்கப் பழக வேண்டியும் வந்தது. அவருடைய அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டே அவர்கள் இவற்றை ஏற்றார்கள் என்று காந்தியடிகள் ஒளிக்காமல் எழுதுகிறார். சில ஆண்டுகளின் பின் அவருக்கு அந்த மோகம் தணிந்தது. முள்ளும் கத்தியும் போயின. பழகிவிட்ட பிறகு அவற்றை விடுவதும் வீட்டாருக்குச் சங்கடமாகவே இருந்திருக்கும் என்று அவரே ஊகிக்கிறார்.

இந்த இடத்தை வாசிக்குந்தோறும் நான் சற்று நின்றுவிடுவதுண்டு. சப்பாத்தை மாட்டு என்று சொன்னதும் ஒரே குரல். கழற்று என்று சொன்னதும் அதே குரல். வாங்கும் ஆசை ஒருவரைப் பிடித்தபோது வீடு முழுவதும் வாங்கிற்று. விடும் ஆசை அவரைப் பிடித்தபோது வீடு முழுவதும் விட்டது. கால் புண்ணானது வேறு ஒருவருக்கு.

டர்பனில் சலவைச் செலவு அதிகமாயிற்று. சலவைத் தொழிலாளி குறித்த நாளில் வருவதுமில்லை. கழுத்துப்பட்டியை நாள்தோறும் மாற்ற வேண்டியிருந்ததால் இரண்டு மூன்று டசின் இருந்தும் போதவில்லை. சலவைக்கான சாமான்களை வாங்கி, அக்கலை பற்றிய நூல் ஒன்றையும் படித்துத் தாமே துவைக்கத் தொடங்கினார். முதன்முதல் தாம் கஞ்சி போட்ட கழுத்துப்பட்டியை அணிந்து நீதிமன்றம் சென்றபோது கஞ்சி சொட்டுச் சொட்டாக உதிர, சக வழக்கறிஞர்கள் சிரித்தார்கள். பிரிட்டோரியாவில் வெள்ளைக்கார நாவிதர் ஒருவர் முடிவெட்ட மறுத்தபோது, கத்தரிக் கருவி வாங்கிக் கண்ணாடி முன் நின்று தாமே வெட்டிக் கொண்டதும் இத்தகையதே. எலி கடித்ததா என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். பரிகாசத்தைப் பொருட்படுத்தாத அந்தத் துணிவு போற்றத்தக்கது. ஆனால் சலவைக் கலையை மனைவிக்கும் கற்பித்ததாக ஒரு வரி அங்கே உண்டு. வீட்டுக்கு வெளியே போன செலவு வீட்டுக்குள் வேலையாகத் திரும்பி வந்தது என்பதை அந்த ஒரு வரி காட்டுகிறது.

அவ்வீட்டில் குமாஸ்தாக்களும் குடும்பத்தவர்போல் தங்கியிருந்தனர். அறைகளிலிருந்து அழுக்குநீர் வெளியேற வழியில்லாத வீடு அது. இரவில் பயன்படுத்திய கலங்களைக் காலையில் கணவனும் மனைவியுமே சுத்தம் செய்தனர். 1898இல், ஒடுக்கப்பட்ட குலத்துப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவ குமாஸ்தா ஒருவரின் கலத்தைத் தூக்கக் கஸ்தூரிபா மனம் கூசினார். கண்ணீர் வழிய ஏணிப்படியில் இறங்கினார். முகமலர்ச்சியோடு செய்யவில்லையே என்று கணவர் கோபங்கொண்டு கையைப் பிடித்து வாசற்கதவு வரை இழுத்துச் சென்றார். சாதிக் கூச்சம் பிழையானது. அதில் நாம் காந்தியடிகளின் பக்கமே நிற்போம். ஆயினும் ஒரு நல்ல கொள்கை, அதை ஏற்காத ஒருவரின் கையைப் பிடித்து இழுத்தபோது எப்படித் தோன்றியது என்பதை அவரே வெட்கத்தோடு எழுதி வைத்திருக்கிறார்.

இனி 1901. நேட்டாலை விட்டு இந்தியா திரும்பும் வேளை. பிரியாவிடைக் கூட்டங்களில் இந்திய மக்கள் அன்பளிப்புகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். பொன், வெள்ளி, விலையுயர்ந்த வைரம். அவற்றுள் கஸ்தூரிபாவுக்கென்றே அளிக்கப்பட்டது ஒரு பொன்னாரம். பெறுமதி 50 கினி. பொதுப்பணிக்குக் கூலி வாங்கலாகாது என்பது காந்தியடிகளின் எண்ணம். பிறரை நகை மோகத்தை விடும்படி சொல்லிக் கொண்டு தாம் எப்படி நகை வைத்திருப்பது? அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. அறையில் மேலும் கீழும் நடந்து, விடிவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தார். அனைத்தையும் சமூகத்துக்குத் திருப்பிக் கொடுத்துப் பார்சி ருஸ்தம்ஜி முதலியோரைத் தருமகர்த்தாக்களாக நியமிக்கும் கடிதத்தை எழுதியும் முடித்தார்.

கவனியுங்கள் நேயர்களே, கடிதம் எழுதி முடிந்த பிறகே வீட்டாரோடு ஆலோசனை. மனைவி இணங்குவது கடினம் என்று அறிந்திருந்தமையால் முதலில் பிள்ளைகளிடம் பேசினார். பிள்ளைகள் உடனே சம்மதித்தனர். அவர்களையே தாயிடம் வாதாடும் வக்கீல்களாக அனுப்பினார்.

கஸ்தூரிபா அம்மையார் எழுதப் படிக்க அதிகம் கற்றவரல்லர். ஆனால் அன்று அவர் எடுத்து வைத்த வாதங்களைப் பாருங்கள். உங்களுக்கு இவை வேண்டாம், உங்கள் பேச்சுக்கு ஆடும் பிள்ளைகளுக்கும் வேண்டாம், என்னையும் நகை அணிய விடமாட்டீர்கள். நாளை வரப்போகும் மருமக்களுக்கு வேண்டாமா என்பது முதலாவது. நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும் என்பது இரண்டாவது. அன்போடு தந்ததைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்பது மூன்றாவது. ஆரம் உன் சேவைக்காகத் தரப்பட்டதா, என் சேவைக்காகவா என்று கணவர் மடக்கினார். அதற்கு வந்த பதில்தான் இந்த வழக்கின் உச்சம். நீங்கள் செய்த சேவை நான் செய்த சேவையும் ஆகும். உங்களுக்காக இரவும் பகலும் உழைத்தேனே, அது சேவையில்லையா. கண்டவர் நின்றவரையெல்லாம் வீட்டில் கொண்டுவந்து வைத்து என்னை அழவைத்தீர்களே, அவர்களுக்கெல்லாம் ஊழியம் செய்தேனே, என்பது அவர் கேள்வியின் சாரம்.

இந்த அம்புகளுள் சில தைத்தன என்று காந்தியடிகள் ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் முடிவு மாறவில்லை. எப்படியோ ஒரு சம்மதத்தை அவர் வாயிலிருந்து வாங்கிவிட்டார். 1896இலும் 1901இலும் கிடைத்த அன்பளிப்புகள் முழுவதும் திரும்பின. தருமகர்த்தா பத்திரம் எழுதப்பட்டு வங்கியில் வைக்கப்பட்டு, பொதுத்தேவைக்குப் பயன்பட்டன. பின்னாளில் மனைவியும் அதன் நன்மையை உணர்ந்தார் என்று எழுதுகிறார்.

நாமும் உணரத்தான் செய்கிறோம். பொதுவாழ்வில் இருப்பவர் பரிசுப் பொருளால் வீட்டை நிரப்பலாகாது என்ற நெறி எந்தக் காலத்துக்கும் வேண்டியது. எனது கேள்வி அந்த நெறியைப் பற்றியதன்று. அந்த இரவில் ஒருவர் தம் ஆசையை விட்டார். இன்னொருவரிடமிருந்து ஆரம் எடுக்கப்பட்டது. புறத்தே பார்த்தால் இரண்டும் ஒரே செயல். உள்ளே அவை ஒன்றாகுமா?

இதே மனிதரின் வாழ்விலேயே இதற்கு மறுபக்கமும் உண்டு. 1904இல் ஜொஹனஸ்பேர்க்கிலிருந்து டர்பனுக்குப் புகையிரதத்தில் செல்லும்போது நண்பர் போலக் கொடுத்த ரஸ்கினின் நூல் ஒன்றைப் படித்து, அவ்வாண்டிலேயே பீனிக்ஸ் என்ற இடத்தில் 100 ஏக்கர் காணியை 1,000 பவுணுக்கு வாங்கி ஒரு குடியேற்றத்தை அமைத்தார். 1903இல் ஆங்கிலம், குஜராத்தி, ஹிந்தி, தமிழ் என்ற நான்கு மொழிகளில் தொடங்கப்பட்ட 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை அங்கே பெயர்ந்தது. வேலை எதுவாயினும் எல்லாருக்கும் மாதம் 3 பவுண். வர விரும்பியோர் வந்தனர். விரும்பாதோர் சம்பளத்துக்கு இருந்தனர். 1910இல் ஹெர்மன் கல்லன்பாக் என்ற கட்டடக் கலைஞர் தமது 1,100 ஏக்கர் பண்ணையைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்கு அளித்தார். அதுவே டோல்ஸ்ரோய் பண்ணை. வீட்டு வாடகை நீங்கலாகத் தமக்கென்று மாதம் 1,200 ரூபா செலவிட்டு வந்த கல்லன்பாக், 120 ரூபாவுக்கு இறங்கினார். யாரும் அவரை இழுத்துக்கொண்டு வரவில்லை. மாரியன்ஹில் துறவிமடத்தில் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்து காந்தியடிகளுக்கும் கற்பித்தார்.

அந்தப் பண்ணையில் தமிழரும் குடியிருந்தார்கள் என்பது நமக்கு நினைவிருக்க வேண்டும். அங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்ததால், போப் ஐயரின் கைந்நூலை வைத்துக் கற்ற சொற்பத் தமிழைக்கொண்டு காந்தியடிகளே ஆசிரியரானார். சொந்தக் காரியத்துக்கு நகரம் செல்வோர் 21 மைலும் நடந்தே செல்ல வேண்டும் என்பது பண்ணை விதி.

1913 வந்தது. கிறிஸ்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லாவெனப் பொருள்படும் தீர்ப்பு ஒன்று அவ்வாண்டு மார்ச் மாதம் கேப் மாகாண உயர் நீதிமன்றத்தில் வழங்கப்பட்டது. பெண்கள் சிறை செல்லத் துணிந்தார்கள். காந்தியடிகள் பீனிக்சிலுள்ள மற்றப் பெண்களிடம் பேசினாரேயன்றிக் கஸ்தூரிபாவிடம் பேசவில்லை. நான் கேட்டால் மறுக்க மாட்டாள், ஆனால் அந்தச் சம்மதத்துக்கு என்ன பெறுமதி என்று எனக்குத் தெரியாது என்பது அவர் எழுதிய காரணத்தின் கருத்து. 1901இல் சம்மதத்தை எப்படியோ வாங்கியவர் பன்னிரண்டு ஆண்டுகளில் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறார். பேச்சு காதில் விழக் கேட்ட கஸ்தூரிபா, சிறை செல்ல எனக்கு என்ன தகுதி குறைந்துவிட்டது என்று தாமாகவே வந்து கேட்டார். செப்டெம்பரில் பதினாறு பேர் கொண்ட குழுவோடு எல்லை கடந்து, மூன்று மாதக் கடூழியச் சிறை பெற்றார். வெளியே வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். ஆரத்தை விட்டபோது அழுதவர், உடலையே பணயம் வைத்தபோது அழவில்லை. இம்முறை தீர்மானம் அவருடையது.

அதே ஆண்டு ஒக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் ஒப்பந்தக் கூலிகள் வேலையை நிறுத்தினர். 3 பவுண் வரியை எதிர்த்த போராட்டம் அது. அவர்களுள் நம்மவர் திரளாக இருந்தனர். எசமானின் லயங்களில் இருந்துகொண்டு வேலைநிறுத்தம் செய்ய முடியாது. வீட்டுச் சாமான்களை அப்படியே விட்டு, உடுத்த துணியும் போர்வையும் மட்டும் எடுத்துக்கொண்டு யாத்திரிகர்போல் வெளியே வாருங்கள் என்று காந்தியடிகள் சொன்னார். நியூகாசிலில் லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தின் சிறிய வீடு வந்தவர்க்கெல்லாம் சத்திரமாயிற்று. அடுப்பு இரவு பகல் அணையவில்லை. நாளொன்றுக்கு ஆளுக்கு ஒன்றரை இறாத்தல் பாணும் ஓர் அவுன்ஸ் சீனியும். நவம்பர் 6ஆம் திகதி சார்ள்ஸ்டவுனிலிருந்து எல்லையை நோக்கிப் புறப்பட்டோர் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். யாத்திரையில் இரண்டு தாய்மார் தம் குழந்தைகளைப் பறிகொடுத்தனர். ஆண்டுக்கணக்கில் உழைத்து வாங்கிய பானை சட்டியை அந்த மக்கள் விட்டு நடந்தார்கள். எளிய வாழ்க்கை பற்றிய நூல் எதையும் படித்து அவர்கள் நடக்கவில்லை. எதற்காக விடுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்தியா திரும்பிய பிறகு 1921 செப்டெம்பர் 22ஆம் திகதி, மதுரையில், காந்தியடிகள் அரைவேட்டிக்கு மாறினார். கதர் வாங்க வசதியில்லை என்று சொன்ன ஏழைகளின் முன் முழுஉடையில் நிற்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. மற்றத் தொண்டர்களும் இப்படி உடுத்த வேண்டும் என்று தாம் எதிர்பார்க்கவில்லை என்றும் அப்போது தெளிவுபடுத்தினார். தன்னளவில் செய்த துறப்பு. அதனால் அது கோடிக்கணக்கானோரைத் தொட்டது.

1927 நவம்பரில் அவர் இலங்கைக்கு வந்தார். கதர் நிதிக்காக வந்த பயணம். ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் முன்னின்ற யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸின் அழைப்பில் அம்மாத இறுதியில் யாழ்ப்பாணத்திலும் இருந்தார். உடுவில் மகளிர் கல்லூரியிலும் இராமநாதன் மகளிர் கல்லூரியிலும் மாணவிகள் முன் பேசினார். கஸ்தூரிபா அம்மையாரும் உடன் வந்திருந்தார். நம் முன்னோர் கண்ட அந்த அம்மையார் கதர்ச் சேலை உடுத்தியவர். கழுத்தில் பொன்னாரம் இல்லாதவர். அந்த வெறுங்கழுத்துக்குப் பின்னால் 1901இன் ஓர் இரவு இருந்ததை அன்று எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்?

கதை இங்கே சுபமாக முடிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஆனால் 1929இல் சபர்மதி ஆச்சிரமத்தில் ஒரு சம்பவம். யாரோ அன்பளிப்பாகத் தந்த நான்கு ரூபாவைக் கஸ்தூரிபா அலுவலகத்தில் ஒப்படையாமல் தம்மிடம் வைத்திருந்தார். ஆச்சிரம விதிப்படி அது குற்றம். அதைக் காந்தியடிகள் 'நவஜீவன்' பத்திரிகையில் ஊரறிய எழுதினார். நான்கு ரூபா! அறுபதை எட்டிய ஒரு மூதாட்டி, நால்வரைப் பெற்றுப் பேரப்பிள்ளைகளையும் கண்டவர், ஒரு குழந்தைக்கு ஏதேனும் வாங்கிக் கொடுக்கவும் தன் கையில் காசில்லாதவர். விதி எல்லாருக்கும் பொதுவானது என்பது நியாயம். பொதுப்பணத்தில் ஒரு சதமும் தவறலாகாது என்பதும் நியாயம். இருந்தும் அந்த நான்கு ரூபா என் மனத்தில் அந்த 50 கினி ஆரத்தைவிடக் கனமாகக் கிடக்கிறது.

இந்தக் கேள்வி நமக்கு ஏன் முக்கியமானது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பொருள் குறைந்த வாழ்க்கை என்றால் என்னவென்று நமது நாட்டில் நூல் படித்து அறிய வேண்டிய நிலையில் பலர் இல்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளின் கட்டளையால் இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. பணமும் நகையும் பறிக்கப்பட்டன. பெண்களின் தோடுகூட மிஞ்சவில்லை. சரியாக ஐந்தாண்டுகளின் பின், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் மழையில் நனைந்தபடி தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். துவிச்சக்கர வண்டியின் பின்னால் கட்டக்கூடியது எவ்வளவோ அவ்வளவுதான் வீடு. பின்னர் 2009 வரையிலான ஆண்டுகளில் வன்னி மக்கள் அதையும் பலமுறை கைவிட்டு நடந்தார்கள். அவ்வாறு நடந்தவர்களிடம் போய், பொருளில்லாமல் வாழ்வதில் ஒரு விடுதலை இருக்கிறது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும் எனக் கஸ்தூரிபா கேட்ட கேள்வியின் பொருள் நமது தாய்மாருக்கு நன்றாகத் தெரியும். அகதி முகாமில் ஒரு சோடிக் காப்பு ஒரு பிள்ளையின் படிப்பாகவும் இன்னொரு பிள்ளையின் பயணமாகவும் மாறியதை அவர்கள் கண்டவர்கள். உடைந்த குடையையும் ஒற்றைச் செம்பையும் எறிய மனமின்றி இன்றும் கட்டிலின்கீழ் வைத்திருக்கும் முதியவர்களைப் பார்த்து, புலம்பெயர்ந்து சென்று விடுமுறையில் வரும் பிள்ளைகள் சலித்துக்கொள்கிறார்கள். ஒரு முறை எல்லாவற்றையும் விட்டு நடந்தவர்கள் அவர்கள் என்பதை அப்பிள்ளைகள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதனால் குறைவாக வாங்குவது வேண்டாதது என்று நான் சொல்ல வரவில்லை. இன்று கடனுக்குப் பொருள் வாங்கி, தவணை கட்டவே உழைத்து, உழைப்பதற்காகவே வாழும் குடும்பங்களை நமது ஊர்களிலும் காண்கிறோம். லண்டனில் அந்த இளைஞர் எழுதிய கணக்குப் புத்தகம் இன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டியது. வாங்கும் முன் ஓரிரவு பொறுப்பதும், வாங்கியதைப் பழுதுபார்த்துப் பாவிப்பதும், தன் துணியைத் தானே துவைப்பதும் நல்ல பழக்கங்கள். அவற்றைத் தன்னிடமிருந்து தொடங்க வேண்டும் என்பதே அந்த வீட்டின் வரலாறு எனக்குச் சொல்வது. தன் அலுமாரியைத் திறப்பவர் திறக்கட்டும். இன்னொருவரின் பெட்டியைத் திறக்குமுன் அவரிடம் கேட்க வேண்டும். கேட்பதாயின் அவர் இல்லை என்று சொல்வதற்கும் இடம் வைத்துக் கேட்க வேண்டும். பொருள் குறைந்த வீட்டில் வேலை கூடுமானால் அதை யார் செய்வது என்பதையும் அப்போதே பேசிக்கொள்ள வேண்டும்.

கஸ்தூரிபா அம்மையார் 1944 பெப்ரவரி 22ஆம் திகதி, பூனா ஆகாகான் மாளிகையில், கைதியாகவே கண்மூடினார். முப்பது ஆண்டுகளுக்கு முன், 1914இல், இதே திகதியில்தான் ஜொஹனஸ்பேர்க்கைச் சேர்ந்த பதினாறு வயதுத் தமிழ்ச் சிறுமி வள்ளியம்மை சிறையில் பெற்ற காய்ச்சலால் உயிர்நீத்தாள். காந்தியடிகள் தம் கையால் நூற்ற நூலில் நெய்த சேலையைப் போர்த்திக் கஸ்தூரிபாவைத் தகனம் செய்தார்கள். சாம்பலை எடுக்கச் சென்றபோது அவர் அணிந்திருந்த ஐந்து கண்ணாடி வளையல்களும் உடையாமல் கிடந்தன என்று உடனிருந்தோர் எழுதியுள்ளனர். பொன்னாரம் சமூகத்தின் கணக்கில் சேர்ந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அந்தக் கண்ணாடி வளையல்களை மட்டும் யாரும் அவரிடம் கேட்கவில்லை.